ஒத்திகை இல்லாத இரவு: இத்தாலிய முகமூடி நாடகமும் மதுரை ஸ்பெஷல் நாடகமும்

(மதுரை கே.கே. நகரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இத்தாலியில் பிறந்த 'கொம்மேதியா தெல்லார்த்தே' என்னும் முகமூடி நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறேன். ஆனால் மதுரையில் நின்றுகொண்டு இத்தாலியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிப் போக எனக்கு மனம் வரவில்லை. இத்தாலியர்கள் கைநழுவ விட்டுவிட்டு, பிறகு தலைமுறைகள் கழித்துப் படாத பாடுபட்டுத் தேடியெடுத்த ஒரு திறமை இங்கே அறுபடாமல் இருக்கிறது. கே.கே. நகரிலிருந்து மாட்டுத்தாவணி தாண்டி மேலூர்ப் பக்கம் போனால், பங்குனி சித்திரை இரவுகளில் ஏதாவது ஓர் ஊர்ப் பொட்டலில் அதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தத் திறமை எப்படி வேலை செய்கிறது, அதைப் பெரிய கலை என்று சொல்ல நமக்கு ஏன் இத்தனை தயக்கம் என்பதே என் பேச்சு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய நாடகத்திலிருந்து நம் நாடகம் வந்தது என்றோ, இங்கிருந்து அங்கே போனது என்றோ நான் வாதாட வரவில்லை. இரண்டும் வெவ்வேறு மண்ணில் தனித்தனியே முளைத்தவை. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போய், எழுதிய வசனம் இல்லாமல், கூடியிருக்கும் கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டிய கட்டாயம் இரண்டுக்கும் இருந்தது. அந்தக் கட்டாயம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே தொழில்முறையை உண்டாக்கியது.

1545-ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று, பதுவா நகரில் எட்டு ஆண்கள் பத்திரம் எழுதுபவர் முன்னிலையில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தலைவர் பெயர் மாஃபியோ. ஊர் ஊராகப் போய் நாடகம் போடுவது, வரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வது, எவருக்காவது உடம்பு முடியாமல் போனால் பொதுப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்வது, சாமான் சுமக்க ஒரு குதிரை வாங்குவது என்று அதில் எழுதியிருக்கிறது. தின்பண்டத்துக்காக ஆடலாமே தவிரத் தங்களுக்குள் காசு வைத்துச் சீட்டாடக் கூடாது என்றுகூட ஒரு நிபந்தனை உண்டு. நாடகக்காரர்களோடு பழகியவர்களுக்கு அந்த நிபந்தனை ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. நடிப்பே தொழிலாகக் கொண்டவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. 19 ஆண்டுகள் கழித்து, 1564-இல், ரோமாபுரியில் எழுதப்பட்ட இன்னோர் ஒப்பந்தத்தில் லுக்ரேத்சியா என்ற பெண்ணின் பெயரும் சேர்ந்தது.

அந்த நாடகங்களின் பாத்திரங்கள் எல்லா ஊருக்கும் பொது. கஞ்சத்தனமான வெனிஸ் வியாபாரி பந்தலோனே. வாயைத் திறந்தால் அரைகுறை லத்தீன் பேசும் பொலோஞா பண்டிதர் தொத்தோரே. வீரம் பேசிவிட்டு ஓட்டம் பிடிக்கும் கப்பித்தானோ. எப்போதும் பசித்த வயிற்றோடு திரியும் வேலைக்காரன் அர்லெக்கீனோ. இவர்களுக்கெல்லாம் தோல் முகமூடி உண்டு. காதலன், காதலி இருவருக்கும் முகமூடி இல்லை. ஒரு நடிகர் ஒரு வேடத்தை எடுத்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் அதுவேதான். கதை இருக்கும், ஆனால் வசனம் இருக்காது. யார் எப்போது உள்ளே வருகிறார், எதற்குச் சண்டை, எங்கே ஆள் மாறாட்டம் என்ற சுருக்கத்தை ஒரு தாளில் எழுதி மேடைக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். நடிகர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே நுழைய வேண்டியதுதான். அப்படிப்பட்ட 50 சுருக்கங்களை ஃப்லமீனியோ ஸ்காலா என்ற நடிகர் 1611-இல் புத்தகமாக அச்சிட்டார். இன்று அந்த நாடகங்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பல அந்தப் புத்தகத்தால் தெரிந்தவைதான்.

வசனம் இல்லாமல் எப்படிப் பேசினார்கள்? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள் என்று நினைத்தால் அது பெரிய பிழை. ஒவ்வொரு நடிகரும் தன் வேடத்துக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். காதலிக்கு ஊடல் பேச்சு, பிரிவுப் பேச்சு. பண்டிதருக்கு நீட்டி முழக்கும் வியாக்கியானம். வேலைக்காரனுக்கோ உடம்பால் செய்யும் சேட்டைகள், அவற்றை 'லாட்ஸி' என்பார்கள். ஆண்டுக்கணக்கில் மனத்தில் ஊறிய இந்தச் சரக்கை அன்றைய கூட்டத்துக்கும் எதிரே நிற்பவரின் பேச்சுக்கும் ஏற்ப அந்த நொடியில் எடுத்துக் கோப்பதுதான் அவர்கள் திறமை. வெறுங்கையோடு மேடை ஏறியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஒரு கிராமத்தில் மாரியம்மன் திருவிழா. கமிட்டிக்காரர்கள் நாடகம் வைப்பதாக முடிவு செய்து மதுரைக்கு வந்து ஏஜெண்டைப் பார்க்கிறார்கள். 'வள்ளி திருமணம்' வேண்டும் என்கிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர், டான்ஸ் இன்னோர் ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்ட் என்னும் தாளவாத்தியமும் வேறு வேறு இடம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே தேதி கேட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். இப்படி ஒவ்வொருவரும் தனியாக, 'ஸ்பெஷலாக' அமர்த்தப்படுவதால்தான் இது ஸ்பெஷல் நாடகம். நோட்டீஸில் ஒவ்வொருவர் படமும் வரும்; படத்துக்குக் கீழே ஊரும் வேடமும் இருக்கும். மதுரையில் தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி முதலிய ஊர்களிலும் நடிகர் சங்கங்கள் உண்டு. இந்த ஊர்களுக்கு நடுவிலுள்ள வறண்ட பூமிதான் இந்த நாடகத்தின் விளைநிலம்.

கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. மேடையில் கணவன் மனைவியாக நிற்கப் போகிறவர்கள் அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். முகத்தில் ரோஸ் பவுடர் பூசிக்கொண்டே நாரதரும் வள்ளியும் பேசிக்கொள்வது இவ்வளவுதான்:

"அண்ணே, தர்க்கத்த எங்க ஆரம்பிக்கிறீங்க?"

"நீ ஆலோலம் பாடி முடிச்சுட்டு நில்லு தங்கச்சி. நான் வந்து எடுத்துக்கிறேன்."

"ரொம்ப இழுத்துறாதீங்கண்ணே, எனக்குத் தொண்ட கட்டியிருக்கு."

இதுதான் ஒத்திகை. இதற்குப் பிறகு நாரதரும் வள்ளியும் தினைப்புனத்தில் எதிரெதிரே நின்று ஒரு மணி நேரத்துக்கு மேலும் தர்க்கம் செய்வார்கள். அவர் கேள்வியை வீசுவார்; அவள் புராணத்திலிருந்து ஒரு பதிலும் பாட்டில் ஒரு பதிலும் கொடுத்து, திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். கேட்ட கேள்வி தன் பாடத்தில் இல்லையென்றால் பேச்சைத் தனக்குத் தெரிந்த பக்கம் திருப்ப வேண்டும், அது கூட்டத்துக்குத் தெரியவும் கூடாது. இதை நான் அருகில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். பதில் தட்டுப்படாத அந்தக் கணத்தில் ஸ்திரீபார்ட் ஆர்மோனியக்காரரை ஓரக்கண்ணால் பார்ப்பார். அவர் விரல் ஒரு கட்டையை அழுத்தி நிற்கும். அந்தச் சுரம் எந்தப் பாட்டின் எடுப்பு என்று ஸ்திரீபார்ட்டுக்குத் தெரியும். பாட ஆரம்பித்துவிடுவார். பாட்டு முடிவதற்குள் பதில் தயார். கூட்டம் கைதட்டும்.

பதுவாவின் எட்டுப் பேர் ஒரே குழுவாகச் சேர்ந்தே ஊர் சுற்றியவர்கள். பின்னால் வந்த புகழ்பெற்ற குழுக்களில் கணவன், மனைவி, பிள்ளை என்று குடும்பமே நடித்தது. ஒருவர் மூச்சு விடுவதைப் பார்த்தே அடுத்தவர் என்ன செய்வார் என்று தெரிந்துவிடும். நம் கலைஞர்களுக்கு அந்த வசதி இல்லை. நேற்று ஒரு நாரதர், இன்று ஒரு நாரதர், நாளைக்கு எவரோ. இருந்தும் விடியவிடிய நாடகம் ஓடுகிறது என்றால், அவர்களுக்கு நடுவே ஒரு பொதுச் சொத்து இருக்கிறது என்று பொருள். அதை அவர்கள் 'பாடம்' என்கிறார்கள். வாத்தியாரிடம் இருந்து வாங்கியது, நோட்டில் எழுதி வைத்தது, மேடையில் பட்டுத் தெளிந்தது. இந்த ஒரு விஷயத்தில் மதுரைக்காரர்கள் இத்தாலியரைவிடக் கடினமான வேலையைச் செய்கிறார்கள் என்பது என் துணிபு.

பபூனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரவு பத்து மணிக்கு மேல் முதலில் மேடைக்கு வருகிறவர் அவர்தான். பாயும் சாக்கும் விரித்து இடம்பிடிக்கும் சனங்களையும், தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தைகளையும், ஓரத்தில் நின்று விசில் அடிக்கும் இளவட்டங்களையும் ஒரு கூட்டமாக்கி ராஜபார்ட் கையில் ஒப்படைக்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்த ஊரின் குடிதண்ணீர்ப் பிரச்சினை, பஞ்சாயத்துச் செய்தி, வரும் வழியில் பார்த்த ரோடு எல்லாம் அவர் பேச்சில் வரும். பிறகு டான்ஸ் வருவார். இருவருக்கும் பாட்டும் வம்பும் நடக்கும். புருஷன் பெண்டாட்டி அடிபிடிக் காட்சியில், பபூன் கையை ஓங்கும்போது ஆல்ரவுண்ட் வாசிப்பவரைக் கவனியுங்கள். கன்னத்தில் கை படாது. படுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கும். அடி விழுந்த சத்தம் மட்டும் அவர் வாத்தியத்திலிருந்து வரும். அது ஓர் இமைப்பொழுது பிந்தினாலும் சிரிப்பு செத்துவிடும். அர்லெக்கீனோ இடுப்பில் இரண்டு பலகையைச் சேர்த்துச் செய்த ஒரு கட்டை இருக்கும். மெல்லத் தட்டினாலே பெரிய சத்தம் எழுப்பும், வலிக்காது. அங்கே கட்டை செய்த வேலையை இங்கே பக்கவாத்தியக்காரரின் காது செய்கிறது.

எழுத்தில் பிடிபடாத நாடகத்துக்கு இன்னொரு பலம் உண்டு. அதிகாரத்தின் கைக்கு அது எளிதில் சிக்காது. பாரிஸில் ஆடிக்கொண்டிருந்த இத்தாலிய நடிகர்களை 1697-இல் பதினான்காம் லூயி மன்னர் வெளியேற்றினார். மன்னரின் மனைவியைக் கேலி செய்த ஒரு நாடகம்தான் காரணம் என்று சொல்வார்கள். அவர்கள் திரும்பி வர மன்னர் இறக்க வேண்டியிருந்தது, 1716-இல்தான் வந்தார்கள். இங்கே ஆங்கில அரசு 1876-லேயே நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருந்தது, தியாகி விஸ்வநாததாஸும் இருந்தார்.

1886-இல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தவர் அவர். முடிதிருத்தும் மருத்துவர் குலம் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகையர் உண்டு. அவர் ஆடியது அதே வள்ளி திருமணம்தான். முருகன் வேடம் போட்டு வருவார். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கதை இருக்கிறதல்லவா? அதில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு நுழையும். எந்த வெள்ளைக் கொக்கு என்று தரையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், ஓரத்தில் நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். பலமுறை கைது செய்தார்கள். சிறையிலிருந்து வந்ததும் மறுபடி முருகன் வேடம், மறுபடி அதே பாட்டு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர் நீத்தார். ஒப்பந்தமும் ஒத்திகையும் ஒழுங்கும் கொண்ட நாடக சபை ஒன்றால் இப்படிப்பட்ட ஒருவரைத் தாங்கியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். இந்தப் பேச்சின் மையம் அவர்தான். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள முதலில் மறுபடி இத்தாலிக்குப் போக வேண்டும்.

வெனிஸில் கார்லோ கொல்தோனி என்ற நாடகாசிரியர் இருந்தார். நடிகர்கள் மேடையில் நினைத்ததைப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய சேட்டைகள் புளித்துப் போயிருந்தன என்பதும் உண்மை. சாக்கி என்ற பெரிய நகைச்சுவை நடிகர் கேட்டுக்கொண்டதால் 1745-இல் 'இரண்டு எஜமானர்களுக்கு ஒரு வேலைக்காரன்' என்ற கதையை முதலில் சுருக்கமாகக் கொடுத்தார். சாக்கி மேடையில் பேசிப் பேசி வளர்த்ததைப் பார்த்துவிட்டு, பின்னால் முழு வசனத்தோடு எழுதி அச்சிட்டார். 1750-இல் ஒரே பருவத்தில் பதினாறு புதிய நாடகங்கள் தருகிறேன் என்று சொல்லிச் செய்தும் காட்டினார். எழுத்து வென்றது. அதன்பின் மெல்ல மெல்ல முகமூடி கழன்றது. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்போது அந்த நாடகமுறையின் பழைய தொடர்ச்சி அறுந்துவிட்டது.

சுவாமிகளும் அதே குறையைக் கண்டவர்தான். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீசுவரன் வேடங்களில் பேர் பெற்றவர். வயது வந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையால் மனம் நொந்து, சிறுவர்களைச் சேர்த்து, பாட்டும் வசனமும் முழுதாக எழுதி மனப்பாடம் செய்வித்து மேடையேற்றினார். 1918-இல் இந்த மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் குழந்தைகளாக அங்கே சேர்ந்தார்கள். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். பால சபைகள் வழியாகத் தமிழ் சினிமாவுக்கு ஒரு தலைமுறையே கிடைத்தது.

இதுவரை கதை ஒன்றுதான். பிரிவது இங்கே. கொல்தோனியின் எழுத்து வந்ததும் அங்கே கற்பனைப் பேச்சு ஒழிந்தது. சுவாமிகளின் எழுத்தையோ ஸ்பெஷல் நாடகக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு அதன்மேல் கற்பனைப் பேச்சைக் கட்டினார்கள்! வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் நாடகங்களில் அவர் பாட்டுகள் தூண்கள் மாதிரி நின்றன. தூணுக்குத் தூண் நடுவில் அவரவர் வசனம், அவரவர் தர்க்கம். கட்டுப்பாட்டுக்காக எழுதியவரையே தங்கள் சுதந்திரத்துக்குக் குருவாக்கிக்கொண்டார்கள். இன்றும் மதுரையில் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூஜை எடுப்பவர்கள் இவர்களே. இதை நான் உலக நாடக வரலாற்றில் ஓர் அரிய நிகழ்ச்சி என்று மதிக்கிறேன்.

இத்தாலிய நாடகத்தின் பிள்ளைகுட்டிகள் உலகமெங்கும் இருப்பதை விரைவாகச் சொல்லிவிடலாம். மொலியேர் 1658-இல் பாரிஸ் வந்தபோது இத்தாலிய நடிகர்களோடு ஒரே அரங்கை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார். அந்தச் சேர்க்கை அவர் நாடகங்களில் தெரிகிறது. புல்சினெல்லா என்ற முகமூடிக் கோமாளி லண்டன் போய் 'பஞ்ச்' பொம்மையானான். நோபல் பரிசு பெற்ற தாரியோ ஃபோ தன்னை அந்த ஊர்சுற்றிக் கோமாளிகளின் வாரிசாகவே கருதினார். ஸ்பெஷல் நாடகத்தின் பிள்ளைகள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த மேடையில்தான் முருகனும் வள்ளியுமாக நின்றார்கள். கதை ஒரு பக்கம் ஓட, காமெடி தனியாக ஒரு பக்கம் ஓடிய நம் பழைய படங்களின் அமைப்பு, பபூனுக்கு முதல் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிய மேடையின் வழக்கம்தான். யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் என்று அது தனியே வேர் பிடித்து, வி.வி. வைரமுத்து போன்ற பெருங்கலைஞரைத் தந்தது.

பெண்களின் நிலை பற்றிப் பேச வேண்டும். இதை நெஞ்சு கனத்தே சொல்கிறேன். இத்தாலிய மேடையின் மிகப் பெரிய நடிகை இசபெல்லா அந்திரெயினி. கவிதை எழுதியவர். 1589-இல் பிளாரன்ஸில் நடந்த அரச குடும்பத் திருமணத்தில், பித்தம் தலைக்கேறிய காதலியாக நடித்து அவையை அசைத்தவர். 1604-இல் பிரான்ஸிலிருந்து திரும்பும் வழியில் கருச்சிதைவால் லியோன் நகரில் இறந்தார். அயலூர்க்காரியான அந்த நடிகைக்கு நகரமே மரியாதை செய்து அடக்கம் பண்ணியது. அவர் உருவம் பொறித்த பதக்கம் வெளியானது. அங்கேயும் பாதிரிமார்களின் ஏச்சு இருந்தது. ஆனாலும் அந்தப் பதக்கமும் இருந்தது.

நம் ஸ்திரீபார்ட்டுகளுக்கும் டான்ஸ் கலைஞர்களுக்கும் நாம் என்ன செய்தோம்? விடியவிடிய வள்ளியாக நின்றவரைப் பார்த்துக் கும்பிட்டவர்கள், காலையில் அவர் பஸ்ஸில் ஏறினால் அவரைக் காட்டித் தங்களுக்குள் குசுகுசுக்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் கிடைக்காது. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசினால் தொழிலைக் கேட்டு எழுந்து போவார்கள். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1990-களில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பயணம் செய்து, 2005-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அந்த நூலின் பொருளே இந்த அவப்பெயரும், அதைச் சுமந்துகொண்டு அவர்கள் மானத்தோடு வாழும் விதமும்தான். கொச்சைப் பேச்சு இருக்கிறது என்று குறை சொல்வோர் உண்டு. இருக்கிறது. இத்தாலிய லாட்ஸிகளில் பாதியை இந்த அவையில் என்னால் சொல்லவே முடியாது. அந்தப் பேச்சைக் கேட்கப் பணம் கொடுத்து அழைத்தவர்கள் நாம். பழி மட்டும் அவர்களுக்கு, அதிலும் ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம். இது நியாயமில்லை.

பிழைப்பும் முன்போல் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அது சரியாக இவர்கள் பருவம் தொடங்கும் நேரம். அடுத்த ஆண்டும் பருவத்தின் நடுவிலேயே மறுபடி ஊரடங்கு. ஆண்டில் சில மாதமே வேலையுள்ளவர்களுக்கு அது எத்தகைய அடி! 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். இந்த நாடகமோ பத்து மணிக்குத்தான் ஆரம்பம். நோயாளியும் படிக்கிற பிள்ளையும் தூங்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆண்டுக்கு ஓரிரவு, ஊரே கூடி வைக்கும் கோயில் நாடகத்துக்குத் தெளிவான ஒரு வழிமுறை வகுப்பது அரசுக்கு முடியாத காரியமில்லை.

அறுந்ததை ஒட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் இத்தாலியே சாட்சி. 1947-இல் மிலானில் ஜோர்ஜோ ஸ்ட்ரேலர் கொல்தோனியின் வேலைக்காரனை மறுபடி மேடையேற்றினார். அப்போது தோல் முகமூடி செய்யத் தெரிந்த ஆள் இல்லை. அம்லெத்தோ சார்த்தோரி என்ற சிற்பி பழைய முறையைத் தேடித் தேடிப் புதிதாகக் கற்றார். அர்லெக்கீனோவாக நடித்த மார்ச்செல்லோ மொரெத்தி முதலில் முகமூடியை ஏற்கவே இல்லை. முகத்தில் மையால் வரைந்துகொண்டார். அவருக்குப் பின் வந்த ஃபெர்ரூச்சியோ சொலேரி 2018 வரை, எண்பது வயது கடந்தும், அந்த வேடத்தில் குட்டிக்கரணம் போட்டார். உலகமே பார்த்து வியந்தது. ஆனால் அவர்கள் மீட்டது எழுதி அச்சான ஒரு நாடகத்தை. சாக்கி அன்றன்று மேடையில் என்ன பேசினார் என்பது எவருக்கும் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கப் போவதும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இங்கே வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் அறக்கட்டளைக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வருகிற பங்குனியில் ஒரு மூத்த நாரதரைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பருவத்தில் அவர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வள்ளிகளோடு செய்யும் தர்க்கங்களை எல்லாம் முழுமையாக, வெட்டாமல், பதிவு செய்யுங்கள். ஒரு கேமரா மேடையைப் பார்க்கட்டும், ஒன்று ஆர்மோனியக்காரரின் கையைப் பார்க்கட்டும். ஒரே நாரதர், ஒரே கதை, ஒவ்வோர் இரவும் வேறு பதில். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், எது பாடம், எது அந்தக் கணத்தில் பிறந்தது என்பது மாணவர்களுக்குக் கண்கூடாகத் தெரியும். வாத்தியார்களின் பாட்டு நோட்டுகளைப் படி எடுத்துவிட்டு மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். அச்சகங்களில் கிடக்கும் பழைய நோட்டீஸ்களையும் சேர்த்து வையுங்கள். பதிவுக்கு வரும் ஒவ்வொரு கலைஞருக்கும் அவர் ஓர் இரவு நாடகத்துக்கு வாங்கும் சம்பளத்தைக் குறையாமல் கையில் கொடுங்கள். வகுப்பில் பாடம் எடுக்க அழைத்தால், நாற்காலி போட்டு, ஆசிரியர் என்ற பெயரிலேயே அழையுங்கள். இதற்கான முதல் செலவுக்கு இன்று எனக்கு இந்த அறக்கட்டளை அளிக்கும் தொகையை நடிகர் சங்கப் பெரியவர்கள் முன்னிலையில் திருப்பித் தருகிறேன்.